உங்கட பங்கில போர்க்காலத்துக் கதையளைக் கேக்கத் தொடங்கிறது எப்பிடி

போரில பட்டதுகளுக்கு கத்தோலிக்கக் கோயில் பங்கா ஏதும் செய்யோணும் எண்டு நினைச்சா, எடுத்த உடன நல்லிணக்கப் பூசைக்குத் திகதி குறிக்காதேங்கோ, முதல்ல வீடு வீடாப் போய்க் கேளுங்கோ. ரெண்டு பேராப் போங்கோ, அதில ஒராள் பொம்பிளையா இருக்கோணும், சிஸ்டர் எண்டா இன்னும் நல்லம், ஏனெண்டா ஃபாதருக்கு முன்னால அம்மாமார் சொல்லாத விசயம் கனக்க இருக்கு. வீடியோ ஒண்டும் வேண்டாம், ஒரு கொப்பி காணும்: செத்த, காணாமல் போன ஆக்களின்ர பேர், வயசு, கடைசியா எப்ப எங்க கண்டது, ஆர் கண்டது. எழுதினதைத் திருப்பி வாசிச்சுக் காட்டி அவை ஓம் எண்டா மட்டும் வைச்சிருங்கோ, ஒரு பிரதியை அவையிட்டயும் குடுங்கோ.

கணக்கு ஏன் முக்கியம் எண்டா, மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில, போர் முடிஞ்சாப் பிறகு அரசாங்கம் போட்ட நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால என்ன செய்தவர் எண்டு பாருங்கோ. கச்சேரி, அதாவது மாவட்ட அரச செயலகக் கணக்கில 2008 ஒக்டோபரில, கடைசிச் சண்டை நடந்த வன்னியில இருந்த சனம் 429,059, ஐநா கணக்கில 2009 யூலை 10 வரைக்கும் அரச கட்டுப்பாட்டுக்குள்ள வந்த சனம் 282,380, அப்ப மிச்சம் 146,679 பேருக்கும் என்ன நடந்தது எண்டு கேட்டவர். 2021இல அவர் காலமானாப் பிறகும் சனம் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேக்குது.

பங்கில நடந்த ஒரு பிழையையும் சொல்லோணும். நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாளில செத்தவையின்ர பேர் வாசிக்கேக்க காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பெடியன்ர பேரையும் சேத்து வாசிச்சுப்போட்டம், தாய் எழும்பி வெளியால போயிட்டா, பிறகு கன மாசம் கோயிலுக்கு வரேல்ல. அவவுக்கு மகன் சாகேல்ல. அதால காணாமல் போனவைக்குத் தனிக் கொப்பி, தனி மன்றாட்டு, எங்க இருந்தாலும் காப்பாத்தும் ஆண்டவரே எண்டு.

மன்னிக்கச் சொல்லிப் பிரசங்கம் வைக்கிறதை இப்போதைக்கு விடுங்கோ, அதை அவையாச் சொல்லட்டும்.

நினைவு நாள் ஊருக்கு ஊர் வேற. யாழ்ப்பாணத்து நவாலிக்கு யூலை 9, 1995இல சென் பீற்றர்ஸ் கோயிலில தஞ்சமிருந்த சனத்துக்கு மேல குண்டு போட்ட நாள். உங்கட சனம் எந்த நாளைச் சொல்லுதோ அதை எடுங்கோ.

பிறகு மற்றாக்களிட்டயும் போகோணும். 1990 ஒக்டோபரில புலிகள் வடக்கில இருந்து வெளியேத்தின முஸ்லிம் குடும்பங்கள் திரும்பி வந்திருந்தா அவையின்ர வீட்டிலயும் இருந்து கேளுங்கோ, எனக்கு இதுதான் எல்லாத்திலயும் கஷ்டமா இருந்தது, ஆனா விடேலாது. சிங்கள ஆக்களோட எண்டா மன்னாரில இருக்கிற மடு மாதா கோயில்தான் வழி, ஆவணித் திருவிழாவுக்கு நீர்கொழும்பு, சிலாபத்தில இருந்தெல்லாம் வந்து மரத்துக்குக் கீழ தங்கிற குடும்பங்களோட மேடை, மைக் ஒண்டுமில்லாமல் இருந்து கதைக்கலாம். ஆமியில மகனைப் பறிகுடுத்த தாய்மாரும் அங்க மாதாவிட்ட வருவினம், ரெண்டு பாசையும் வடிவாத் தெரிஞ்ச ஒராளைக் கூட்டிக்கொண்டு போங்கோ.