காசிமேட்டுக் காற்றிலும் கணீரென்று: வீட்டு ஸ்டீரியோவை ரசிக்க, நெருப்பு அண்டாமல் காக்க

லட்ச ரூபாய்க்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), அதற்குத் தோதாக ஸ்பீக்கர் என்று பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, கடைசியில் தெருமுனைக் கடையில் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிவிடுகிறார்கள். சத்தம் கெடுவதும் அங்கேதான், நெருப்பு பிறப்பதும் அங்கேதான். இறுக்கமான இணைப்பு, தனி லைன், தாராளமான காற்று ஆகிய மூன்றும் இருந்தால் பாட்டும் நன்றாக இருக்கும், வீடும் பத்திரமாக இருக்கும். அதனால் வேலையைச் சுவரிலிருந்து தொடங்குங்கள்.

பிளக் பாயின்ட்

வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் சுவருக்குள் அலுமினிய வயரே இன்னும் ஓடுகிறது. பிற்பாடு வந்த ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் செம்பு வயரை அதோடு முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் உப்புக்காற்றின் ஈரம் பட்டால் வெள்ளைப் பொடி பூக்கும், இணைப்பு தளரும், தளர்ந்த இடம் சுடும்.

எவ்வளவு சுடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே பெட்டியில் ஆம்பும் இஸ்திரிப் பெட்டியும் ஓடினால் சுமார் 5 ஆம்பியர் போகும். லூஸ் கான்டாக்டில் 1 ஓம் தடை இருந்தால் அந்த ஒரு புள்ளியில் 25 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியதற்குச் சமம். கரண்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்சான எம்சிபி விழவே விழாது, ஏனென்றால் கரண்ட் அளவு மீறவில்லை. எம்சிபி இருக்கிறதே என்ற நிம்மதி இங்கே உதவாது.

ஒரு மணி நேரம் பாட்டு ஓடிய பின் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, பின்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் இருந்தால் சாக்கெட்டை மாற்றுங்கள். பின்னைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்திருந்தாலோ, மீன் கருகுவது போன்ற நாற்றம் வந்தாலோ, பிளாஸ்டிக் வேக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். மீன்பிடித் துறைமுகம் உள்ள காசிமேட்டில் அந்த நாற்றத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதனால் மூக்கை நம்பாமல் கையாலும் கண்ணாலும் பாருங்கள்.

வீட்டின் லைன்கள் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து ஸ்டீரியோவுக்கு மட்டும் ஒரு லைன் இழுக்கச் சொல்லுங்கள். இரண்டரை எம்எம் செம்பு வயர் போதும், தீ பரவாத எஃப்ஆர்எல்எஸ் ரகமாகக் கேளுங்கள். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, முனையில் 16 ஆம்பியர் சாக்கெட். சி வகை ஏன் என்றால், பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்பை ஆன் செய்யும் நொடியில் கரண்ட் ஒரு குதி குதிக்கும், பி வகை அதற்கே விழுந்துவிடும்.

எர்த்தையும் சோதியுங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் சுற்றிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 3 வோல்ட்டுக்குள்ளும் காட்ட வேண்டும். எவ்வளவு லோடு போட்டாலும் சுத்தமாகப் பூஜ்யமே நின்றால், யாரோ சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம். திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டிவிடுவது மிக ஆபத்து, ஆம்பில் பழுது வந்தால் அதன் உடம்பிலேயே கரண்ட் ஏறும். எல்லாக் கருவிகளையும் ஒரே போர்டில் செருகுங்கள், டிவியின் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இரைச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது.

நியூட்ரல் அறுந்தால்

மூன்று ஃபேஸ் வரும் தெருவில், மழையிலோ மரம் விழுந்தோ நியூட்ரல் அறுந்துவிட்டால், ஒரு ஃபேஸ் எடுக்கும் வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட வரலாம். பல்பு பளீரென்று எரியும், மின்விசிறி பேயாகச் சுற்றும். கேபிள் பதிக்கத் தோண்டும் தெருக்களில் இந்தப் பயம் எப்போதும் உண்டு.

ஸ்பைக் பஸ்டரை நம்பியிருப்பவர்களுக்கு இங்கேதான் பெரிய இடி. அதற்குள் இருக்கும் எம்ஓவி என்ற வட்ட வில்லை, இடி மின்னலால் வரும் நொடிப்பொழுது ஏற்றத்தை விழுங்க மட்டுமே செய்யப்பட்டது. 400 வோல்ட் நிமிடக்கணக்கில் நின்றால் அந்த வில்லையே தீப்பிடிக்கும். வெப்பத் துண்டிப்பு இல்லாத மலிவுப் பெட்டியில் தீ அங்கிருந்தே கிளம்பும்.

இதற்குச் சரியான மருந்து, டிபி பாக்ஸில் மாட்டும் அதிக, குறைந்த வோல்டேஜ் ரிலே. மேல் எல்லை 265, கீழ் எல்லை 180 வோல்ட் என்று வைத்து, கரண்ட் சீரான பிறகு 3 நிமிடம் கழித்து மறுபடி இணைக்கும்படி அமையுங்கள். ஒற்றை ஆம்பின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. சர்வோ ஸ்டெபிலைசர் வைப்பவர்கள் அதன் கார்பன் பிரஷ்ஷை ஆண்டுக்கொருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஆம்பை ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் உறுமிச் சூடாகும்.

ஆம்பின் சூடு

எப்போதும் முழுக் கரண்டில் ஓடும் கிளாஸ் ஏ ஆம்ப் பாட்டே பாடாமல் சும்மா இருக்கும்போதும் 200 வாட்டுக்கு மேல் இழுக்கலாம், அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். மேலே 15 சென்டிமீட்டர், பக்கங்களில் 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். கதவு வைத்த ஷோகேஸ் வேண்டாம், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவும் வேண்டாம். வால்வு ஆம்பின் வால்வுகள், அதாவது கண்ணாடிக் குழாய்கள், 200 டிகிரியைத் தொடும், திரைச்சீலை ஒரு முழத்துக்குள் வரக்கூடாது. வால்வுக்குள் இருக்கும் தகடு செக்கச்செவேலென்று சிவந்தால் அடுத்த பாட்டு வரை காத்திருக்காமல் அணையுங்கள்.

நம் ஊரில் தூசியோடு பல்லியும் கரப்பானும் சூட்டைத் தேடி ஆம்புக்குள் குடிபுகும். பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே ஏறினால் அதுவும் போகும், போர்டும் போகும். காற்று போகும் அளவுக்கு மெல்லிய ஸ்டீல் வலையைக் கருவிக்கு வெளியே, ஸ்டாண்டைச் சுற்றி வையுங்கள். துவாரத்தின் மேலேயே ஒட்டினால் காற்று அடைபடும். ஆறு மாதத்துக்கொருமுறை சர்வீஸ் ஆளை வைத்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பிளக்கை உருவிய பின்னும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் தேங்கி நிற்கும் என்பதால் நீங்களே மூடியைத் திறக்காதீர்கள்.

ஃபியூஸ் போனால் அதே அளவு, அதே வகை. பின்பக்கம் டி3.15ஏ (மெதுவாக அறும் வகை, 3.15 ஆம்பியர்) என்று எழுதியிருந்தால் அதேதான். செம்புக் கம்பி சுற்றுவது நெருப்புக்கு வழிவிடுவது. பழைய ஐரோப்பிய செட் வாங்கினால், மெயின்ஸ் பக்கம் தேன் நிறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் கெப்பாசிட்டரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ஈரத்தை உறிஞ்சி ஒருநாள் புகைந்தே தீரும். ஜப்பான் செட் 100 வோல்ட், அமெரிக்க செட் 120 வோல்ட், ஆன் செய்யும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் இன்னொரு சோதனை. ஸ்பீக்கரைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, 10 நிமிடம் கழித்து ஸ்பீக்கர் முனைகளில் டிசி மில்லிவோல்ட் பாருங்கள். 50க்குள் நல்லது, 100 தாண்டினால் சர்வீஸ். அவுட்புட் டிரான்சிஸ்டர் முழுதாகப் பழுதானால் பல பத்து வோல்ட் டிசி நேரே பாஸ் ஒலிக்கும் வூஃபருக்குப் போய்ச் சுருளைக் கருக்கும், பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு பற்றிக்கொள்ளலாம். வால்வு ஆம்பை மட்டும் ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யவே கூடாது.

அறையும் சத்தமும்

10க்கு 12 அடி அறை போதும். 10 அடிச் சுவர் முன் ஸ்பீக்கர்களை 6 அடி இடைவெளியில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். உங்கள் நாற்காலி 6, 7 அடி தூரத்தில், மேல்சுருதி ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காது உயரத்தில். பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் பாஸ் குமுறும், ஓர் அடி முன்னே வாருங்கள். தனிக்குரல் பாட்டு ஒன்றைப் போட்டால் பாடுபவர் இரு ஸ்பீக்கருக்கும் சரிநடுவே நிற்க வேண்டும். குரல் அறை முழுக்கக் கரைந்து, மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கக் கனத்த) ஒலி காணாமல் போனால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.

டைல்ஸ் தரையின் எதிரொலிக்குப் பவானி ஜமுக்காளம் அருமையான மருந்து. ஆனால் முட்டை அட்டை வடிவில் விற்கும் கறுப்பு ஃபோமைச் சுவரில் ஒட்டாதீர்கள். 2003இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஓர் இசை விடுதியில் 100 பேர் இறந்ததற்கு அந்த மாதிரிப் பாலியூரித்தேன் ஃபோம்தான் முக்கியக் காரணம். எரியாத ராக்வுல் (கல்நார் அல்ல, பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பலகையை 2 அங்குல கனத்தில், பருத்தித் துணி சுற்றி மாட்டுங்கள்.

உப்புக்காற்றில் ஸ்பீக்கர் வயரின் நுனி பச்சைக் களிம்பு பிடிக்கும். ஆண்டுக்கொருமுறை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி, ஸ்பீக்கர் முனையில் செருகும் பனானா பிளக்குக்குள் இறுக்குங்கள். ஒரு இழை வெளியே நீட்டி அடுத்த முனையைத் தொட்டாலே ஆம்பின் கதை முடியும்.

ஆயுதபூஜைக்கு ஆம்புக்குப் பொட்டு வைக்கலாம், மாலை போட்டால் காற்றுத் துவாரத்தை மூடாமல் போடுங்கள். கற்பூரமும் விளக்கும் தரையிலேயே இருக்கட்டும், ஸ்பீக்கர் மேல் வேண்டாம். தீபாவளி இரவில் ஜன்னலைச் சாத்துங்கள்.

புகை வந்தால்

முதலில் மெயினை அணையுங்கள். 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு அணைப்பானைக் கதவருகே, ஆம்புக்கு எதிர்ப்பக்கம் மாட்டியிருங்கள். ஏபிசி பவுடர் அணைப்பானும் நெருப்பை அணைக்கும், ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் அந்தத் தூள் போர்டை அரித்துவிடும். கார்பன் டை ஆக்சைடு சில விநாடிகளில் தீரும், சின்ன அறையில் மூச்சையும் அடைக்கும். அடித்து முடித்ததும் வெளியே வந்துவிடுங்கள். தீ அடங்கவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112 அழையுங்கள், சந்தில் நிற்கும் வண்டிகளை ஓரம் தள்ளச் சொல்லுங்கள்.

அணைந்த பிறகு செட்டைச் சோதிக்க ஆன் செய்யாதீர்கள். வயர் எரிந்த புகையில் அமிலம் இருக்கும், கரி கரண்டைக் கடத்தும். சில நாளுக்குள் சர்வீஸில் கொடுத்துக் கழுவ வேண்டும். 2021 ஏப்ரல் முதல் வரும் பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீடு வீட்டுப் பொருட்களையும் சேர்க்கும், ஆனால் ஷார்ட் சர்க்யூட்டில் முதலில் எரிந்த கருவிக்கே பணம் கிடைக்காமல் போகலாம், அது பரவி எரித்த மற்றவற்றுக்குக் கிடைக்கும். பில், பின்பக்கச் சீரியல் எண், இரண்டையும் போட்டோ எடுத்து வேறொரு வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள்.