பழைய கப்பல் மணி, மணியடிக்கும் கடிகாரம்: வாங்கும்போதும் வாங்கிய பிறகும் செய்யக் கூடாதவை

‘டைட்டானிக் 1912’ என்று பொறித்த பித்தளை மணியை ஆன்லைன் கடைகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதே மணி நாலு கை மாறி, கொஞ்சம் கறுத்து, “கப்பல் உடைக்கிற இடத்திலிருந்து வந்த சரக்கு சார்” என்ற கதையோடு பல மடங்கு விலைக்கு வரும்போதுதான் வம்பு. டைட்டானிக்கின் கண்காணிப்புக் கூண்டில் தொங்கிய மணி, பனிப்பாறையைக் கண்டதும் மூன்று முறை அடிக்கப்பட்ட அதே மணி, 1987-இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டது. அது உங்கள் ஊர்க் கடைக்கு வராது.

பழம்பொருள் வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் பொருளிடம் அல்ல, கூடவே வரும் கதையிடம். மணி விஷயத்தில் இது இன்னும் அதிகம். ஏனென்றால் மணியில் பெயரும் வருடமும் எழுதியிருக்கும்; எழுதியிருப்பதை நம்பிவிடுவது நம் வழக்கம்.

பெயரைப் படித்துவிட்டு எழுத்தைப் பார்க்காமல் விடுவது

உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் பித்தளைச் சாமான்களுக்குப் பேர்போன ஊர். ரூர்க்கி பக்கம் திசைகாட்டி, தொலைநோக்கி மாதிரியான கப்பல் சாமான்கள் அலங்காரத்துக்காகவே செய்யப்படுகின்றன. வேலைப்பாடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழசு இல்லை.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் மணியைத் துலக்குவது அன்றாட வேலைகளில் ஒன்று. பல வருடம் துணி போட்டுத் தேய்த்த மணியில் எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். சுற்றியுள்ள பரப்பும் வழவழவென்று இறங்கியிருக்கும். அண்மையில் வெட்டிய எழுத்தின் ஓரம் நகத்தில் தட்டும். அப்புறம் கீறல்களைப் பாருங்கள். பழைய மணியில் கீறல் எழுத்தின் மேலேறிக் கடந்து போகும். கீறலை எழுத்து வெட்டிக்கொண்டு போனால், கீறல் முதலில் வந்தது, பெயர் பிறகுதான் வந்தது. பெயரில்லாத நிஜமான பழைய மணியை வாங்கி, அதில் பிரபலமான கப்பலின் பெயரை வெட்டி விற்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பெயர் பொருந்தவில்லை என்றதும் போலி என்று ஒதுக்கிவிடுவது. லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் தொங்கும், லூட்டின் என்ற கப்பலின் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1799-இல் டச்சுக் கரையோரம் மூழ்கிய அந்தப் போர்க்கப்பலின் மணி 1858-இல் மேலே வந்தது. ஆனால் அதில் பொறித்திருப்பது ‘செயின்ட் ழான் 1779’. உலகப் புகழ் பெற்ற கப்பல் மணியிலேயே கப்பலின் பெயர் இல்லை! சாதாரணமாகவே, கப்பல் கைமாறிப் பெயர் மாறினாலும் மணியில் முதல் பெயரை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். அதனால் அந்தப் பெயரில் அந்த வருடத்தில் ஒரு கப்பல் இருந்ததா, பிறகு என்ன பெயருக்கு மாறியது என்று தேட வேண்டும். 1764-லிருந்து வெளிவரும் லாயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற கப்பல் பட்டியலின் பழைய தொகுதிகள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் அதில் உட்காரலாம்.

அளவு நாடாவும் கையோடு இருக்கட்டும். கடலில் மோதல் தவிர்க்கும் 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதிகளின்படி, 20 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள கப்பலில் வைக்கும் மணியின் வாய் குறைந்தது 300 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் வாயுள்ள மணியைக் காட்டி, “1980-இல் கட்டிய சரக்குக் கப்பலின் பெரிய மணி” என்றால், சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். குஜராத்தின் அலங்கில் 1983-லிருந்து கப்பல் உடைக்கிறார்கள். உடைத்த கப்பல்களின் சாமான்கள் அங்கே சாலையோரக் கடைகளில் நிஜமாகவே விற்பனைக்கு வருகின்றன. “அலங்குச் சரக்கு” என்று சொல்கிறவரிடம் எந்தக் கப்பல் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால், அலங்காரப் பொருளின் விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

வாங்கிய கையோடு புளி போட்டுத் துலக்குவது

நம் வீடுகளில் பித்தளை என்றாலே கை புளிக்குப் போய்விடும். குத்துவிளக்குக்குச் சரி. பழைய மணிக்கு வேண்டாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளி, எலுமிச்சை மாதிரியான அமிலம் ஊறினால் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கழன்று, திட்டுத்திட்டாகச் செம்பு நிறம் தெரியும். எழுத்துக்குள் கறுப்பு மெழுகோ வண்ணமோ பூசியிருந்தால் அதுவும் போய்விடும். பஃபிங் மெஷினில் கொடுத்தால் எழுத்தே தேய்ந்துவிடும். நீங்கள் பணம் கொடுத்தது அந்த எழுத்துக்குத்தான்.

பழுப்புப் படலத்தை அப்படியே விடுங்கள். பச்சையாகப் பொடி கட்டிய களிம்பு இருந்தால் மட்டும் மென்மையான பிரஷால் தட்டி, ஈரம் இல்லாமல் துடையுங்கள். கப்பலில் தினமும் பளபளவென்று இருந்த பொருளை ஏன் கறுக்க விட வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு; சேகரிப்பவர்களிடையே இதில் இரண்டு கட்சி. துலக்கியே தீருவேன் என்றால், வாங்கி ஒரு வருடம் கழித்து, எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மெல்லிய பாலிஷில் துலக்குங்கள்.

விரிசலுக்கு வெல்டிங் வைக்காதீர்கள். மணியின் தரத்தைப் பார்க்க அதைக் கையில் பிடிக்காமல் கயிற்றில் தொங்கவிட்டு, மரக்கட்டையால் லேசாகத் தட்ட வேண்டும். நல்ல மணியில் கார்வை நீண்டு நிற்கும். விரிசல் இருந்தால் ஒலி கரகரத்துச் சட்டென்று செத்துவிடும். ஆனால் ஒலி செத்த மணிக்கு மதிப்பும் செத்துவிடாது. லண்டன் பிக் பென் 1859-இல் விரிசல் விட்டது. மணியைக் கொஞ்சம் திருப்பி வைத்து, லேசான சுத்தியல் போட்டு, இன்றுவரை அதே விரிசலோடு அடிக்கிறார்கள். நியூசிலாந்தின் டே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கும் தமிழ் மணி இன்னும் நல்ல உதாரணம். 1830-களில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் பார்த்தபோது மாவோரி மக்கள் அதைச் சமையல் பாத்திரமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அடிவிளிம்பு உடைந்து போன, ஒரு சாண்கூட உயரமில்லாத வெண்கலத் துண்டு. முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அதைச் சுற்றித் தமிழில் பொறித்திருப்பதும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது பதிவாகியிருப்பதும்தான் அதன் மதிப்பு. யாராவது ‘சரிசெய்கிறேன்’ என்று விளிம்பை வார்த்து ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

கடிகாரம் தப்பாக அடிக்கிறது என்று அவசரப்படுவது

அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்தில் 1897-இல் தொடங்கிய செல்சி நிறுவனம் மாதிரியானவை செய்த கப்பல் மணிக் கடிகாரம் ஒன்று உங்களிடம் வந்தால், மதியம் 12-க்கு அது 8 அடிக்கும். பழுது இல்லை. கப்பலில் ஒரு காவல் முறை (ஷிஃப்ட்) நான்கு மணி நேரம். அரை மணிக்கு ஒரு அடி கூடும். 12:30-க்கு ஒன்று, 1-க்கு இரண்டு, 2:30-க்கு ஐந்து, 4-க்கு எட்டு, பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து. அதுவும் ஜோடி ஜோடியாக: ஐந்து என்றால் டங்-டங், டங்-டங், டங். இது தெரியாமல் ரிப்பேர்காரரிடம் கொடுத்தால், அவருக்கும் தெரியாவிட்டால், நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் குடைந்து கெடுத்துத் தருவார்.

வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் நிலைமை வேறு. முகப்பில் இரண்டு சாவித் துளை இருக்கும்; பெரும்பாலும் வலது ஓட்டத்துக்கு, இடது மணிக்கு. இரண்டுக்கும் சாவி கொடுக்க வேண்டும். பழைய அமெரிக்கக் கடிகாரங்கள் பலவற்றில், ஓரத்தில் சீரில்லாத இடைவெளிகளில் வெட்டுவிட்ட ஒரு சக்கரம்தான் எத்தனை அடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. ஐந்து அடித்தால் அடுத்தது ஆறு, அவ்வளவுதான். இடையில் மணிப்பக்கம் ஸ்பிரிங் தளர்ந்து நின்றுவிட்டால் கணக்கு பிசகிவிடும். அப்போது பெரிய முள்ளைப் பின்னால் சுற்றிச் சரிசெய்யப் பார்ப்பதுதான் பெரிய தவறு. உள்ளே இருக்கும் நெம்புகோல் வளைந்துவிடலாம். எத்தனை அடிக்கிறது என்று எண்ணி, சின்ன முள்ளை மட்டும் அந்த எண்ணுக்கு மெதுவாக நகர்த்துங்கள். பிறகு பெரிய முள்ளை முன்னோக்கித் தள்ளி, ஒவ்வொரு மணிக்கும் நின்று அடிக்கவிட்டு, சரியான நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒரே வரி: தேங்காய் எண்ணெயும் வேண்டாம், டபிள்யூடி-40-உம் வேண்டாம், கடிகார எண்ணெய் மட்டும். வேறு இடத்துக்கு எடுத்துப்போகும்போது பெண்டுலத்தைக் கழற்றிவிடுங்கள்.

இருட்டில் ஒளிரும் எண்கள் கொண்ட பழைய கப்பல் கடிகாரத்தின் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் செய்தவற்றில் ரேடியம் கலந்த பூச்சு இருக்கலாம். இப்போது ஒளிரவில்லையே என்று துணிய வேண்டாம். ஒளிர்கிற பொருள்தான் தேய்ந்துபோயிருக்கும், பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் ஆகும் ரேடியம் அங்கேயேதான் இருக்கும். உதிர்ந்த பொடியைச் சுரண்டுவதும் ஊதுவதும் ஆபத்து.

மாதிரிக் கப்பலில் பெரிய மணி

மணி தொங்கும் பழைய மாதிரிக் கப்பல் வாங்கினால், அந்த மணி சரியானதா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். பழைய தரமான மாதிரிகள் பல 1-க்கு 48 என்ற அளவில் செய்யப்பட்டவை. நிஜக் கப்பலில் 45 சென்டிமீட்டர் வாயுள்ள மணி அதில் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மணி தொங்கினால், நிஜக் கப்பலில் அது ஒரு மீட்டர் அகலம்! கடையில் கிடைத்த மணியை ஒட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

சட்டத்தை மறப்பது

காரைக்குடி பழம்பொருள் கடைகளில் கப்பல் சாமான், செட்டிநாட்டு வீட்டுக் கடிகாரம் எல்லாவற்றோடும் வெண்கலக் கோயில் மணியும் கண்ணில் படலாம். மணியில் ‘உபயம்’ என்றோ, ஒரு சாமியின் பெயரோ, ஊர்ப்பெயரோ இருந்தால் கை வைக்காதீர்கள். யாரோ கோயிலுக்குக் கொடுத்த பொருள் அது. எப்படி வெளியே வந்தது என்பதற்கு விற்பவரிடம் காகிதம் இல்லையென்றால், நாளை காவல்துறைக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலை, கைவினைப் பொருள்களைத் தனிநபர் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குத் தாத்தாவின் கடிகாரத்தைக் கொடுத்தனுப்ப நினைத்தால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் நின்று வயதை நிரூபிக்க முடியாது.