ஆஃப்செட் கடனா, ஐசாவா? பிரிட்டனில் வீட்டுக் கடன் கட்டுவோர் கணக்குப் போடும் முறை

எங்கள் வீட்டுக் கடனின் நிலையான வட்டிக் காலம் முடியவிருந்தபோது கையில் 30,000 பவுண்டு சேமிப்பு இருந்தது. அதைக் கடனோடு இணைந்த ஆஃப்செட் கணக்கில் வைப்பதா, வட்டிக்கு வரியில்லாத சேமிப்புக் கணக்கான ரொக்க ஐசாவில் (ISA) போடுவதா என்று நானும் மனைவியும் இரண்டு வாரம் குழம்பினோம். ஐசா திறக்கும் முறையை இங்கு விளக்கவில்லை. அது வங்கிச் செயலியில் முடிந்துவிடும் வேலை.

முதலில் ஐந்து எண்களை எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவை: மீதிக் கடன் 1,80,000 பவுண்டு, சேமிப்பு 30,000, ஆஃப்செட் கடன் வட்டி 4.9 விழுக்காடு, சாதாரணக் கடன் வட்டி 4.5, ஐசா வட்டி 4.1. ஒருவர் ஒரு வரியாண்டில் ஐசாக்களில் 20,000 பவுண்டு வரையே போடலாம் என்பதால், ஆளுக்கு 15,000 என்று பிரித்துக்கொண்டோம்.

அடுத்த படியில்தான் நான் சறுக்கினேன். ஆஃப்செட்டில் சேமிப்புக்கு வட்டி தரமாட்டார்கள். சேமிப்பைக் கழித்துவிட்டு எஞ்சிய கடனுக்கு மட்டும் வட்டி போடுவார்கள், வட்டி வருமானம் இல்லாததால் வரியும் கிடையாது. ஆகவே 4.9-ஐயும் 4.1-ஐயும் மட்டும் ஒப்பிட்டு, ஆஃப்செட்டே இலாபம் என்று முடிவுகட்டினேன். சாதாரணக் கடனை விட 0.4 விழுக்காடு கூடுதலான வட்டி, ஈடுகட்டப்படாத 1,50,000 பவுண்டு முழுவதன் மீதும் விழும் என்பதைக் கவனிக்கவில்லை. ஆஃப்செட்டில் ஓராண்டு வட்டி 7,350 பவுண்டு. சாதாரணக் கடனில் 8,100. அதில் ஐசா தரும் 1,230-ஐக் கழித்தால் 6,870. ஆக, ஐசா வழியில் 480 பவுண்டு மிச்சம். (மாதந்தோறும் அசல் குறைவதை இதில் சேர்க்கவில்லை, இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைவதால் முடிவு மாறாது.)

பிறகு சமன் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். இரு கடன் வட்டிகளின் வேறுபாட்டைக் கடன் தொகையால் பெருக்கி, ஆஃப்செட் வட்டிக்கும் ஐசா வட்டிக்கும் உள்ள வேறுபாட்டால் வகுக்க வேண்டும்: 1,80,000 × 0.4 ÷ 0.8 = 90,000 பவுண்டு. சேமிப்பு அதற்கு மேல் இருந்தால்தான் ஆஃப்செட் பலன் தரும். வங்கித் தளங்களிலுள்ள கணிப்பான்களை நான் நம்புவதில்லை. நான் பார்த்தவை சாதாரணக் கடனின் வட்டியைக் கேட்கவே இல்லை. கூகுள் ஷீட்ஸில் மூன்று வரி போதும். இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 0.1 விழுக்காடாக இருந்த 2021-இல் குறைந்த வட்டியில் நீண்ட காலத்துக்கு நிலைப்படுத்தி, இன்னும் அந்தக் காலம் முடியாதவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, அவர்களுக்கு ஐசாதான்.

பின்சேர்க்கை: அவசரத்துக்கு எடுத்த பணத்தைத் திரும்ப ஐசாவில் போட்டபோது ஆண்டு வரம்பு தீர்ந்துவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். 'ஃப்ளெக்சிபிள்' வகை ஐசாவில் மட்டுமே, எடுத்த தொகையை அதே வரியாண்டுக்குள், அதாவது ஏப்ரல் 5-க்குள், வரம்பைத் தொடாமல் திருப்பிப் போட முடியும். எல்லா ஐசாக்களும் அந்த வகையல்ல என்பதால், திறக்கும் முன் விதிமுறைகளில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆஃப்செட்டில் இந்தத் தொல்லை இல்லை; எடுத்த பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வைக்கலாம். சேமிப்பில் அடிக்கடி கை வைப்பவர்கள் அந்த வசதிக்காக 480 பவுண்டை விட்டுக்கொடுத்தாலும் நான் குறை சொல்லமாட்டேன்.