பந்துக்கு முளைத்த வால்

கிளிநொச்சியில் ரிவி வாங்கியபோது பெட்டியில் 120 என்று பெரிதாகப் போட்டிருந்தது. கிரிக்கெட் போட்டதும் அப்பா, "தம்பி, பந்துக்கு வால் முளைச்சிருக்கு" என்றார். உண்மைதான். எல்லைக்கோட்டுக்கு ஓடிய பந்தைச் சுற்றிப் புல்லும் கலங்கித் தெரிந்தது.

விவரத்தாளைத் தேடினேன். திரையின் உண்மையான வேகம் 60 ஹேர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். 120 வெறும் விளம்பரக் கணக்கு. அசைவைச் சீராக்கும் வசதி உச்சத்தில் கிடந்தது. அதை நிறுத்தினேன், வால் பெரும்பாலும் போய்விட்டது. அப்புறம் நிறங்களைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' நிலையைச் 'சினிமா'வுக்கு மாற்றினேன். புல் புல்லின் நிறத்துக்கு வந்தது.

படம் அதிகம் பார்ப்பவர்கள் உண்மையான 120 திரையே வாங்குங்கள். சினிமாப் படம் பொதுவாக நொடிக்கு 24 சட்டகங்களாக, அதாவது 24 தனிப் படங்களாக ஓடும். அது 60இல் சமமாகப் பிரியாது. 120இல் ஒவ்வொன்றும் ஐந்து தடவை சரியாக வரும். செய்தி மட்டும் பார்க்கிற வீட்டுக்கு 60 தாராளம்.