பழைய மில்லிங் மெசினுக்குப் புது சேர்வோ: திசையைச் சரிபார்ப்பது எப்படி?

பிரஷ் வைத்த டிசி மோட்டர்களைக் கழற்றிவிட்டு ஏசி சேர்வோ (தன் நிலையை அளந்துகொண்டே சுற்றும் மோட்டர்) பூட்டப்போகிறவர்களுக்கு இது. மெயினை நிறுத்துவது, கபாசிட்டர் இறங்கும்வரை காத்திருப்பது எல்லாம் தெரிந்ததுதான். மோட்டரையும் அதை ஓட்டும் மின்பெட்டியான ட்ரைவையும் ஒரே கம்பனியின் ஜோடியாக வாங்குங்கள். தனித்தனியே வாங்கி மிச்சம் பிடிக்கும் காசு கேபிள் தேடுவதிலேயே போய்விடும். கட்டுப்பாட்டுக்கு என் தேர்வு, மெசினைக் கணினியால் ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளும், ட்ரைவுக்கு வேகக் கட்டளையை வோல்ற்றாகக் கொடுக்கும் மேசா 7ஐ77 அட்டையும். வேகத்தை அளந்த பழைய டாக்கோ இனி வேண்டாம், வேகத்தை ட்ரைவே பார்த்துக்கொள்ளும்.

ஸ்க்ரூ பிட்ச் (ஒரு சுற்றுக்கு மேசை நகரும் தூரம்) 10 மில்லிமீற்றர், மோட்டர் நேரடியாகப் பூட்டியது, என்கோடர் (மோட்டர் எவ்வளவு சுற்றியது என்று துடிப்பால் சொல்லும் உணரி) சுற்றுக்கு 2500 துடிப்பு என்றால், நான்கு மடங்காகி 10,000 எண்ணிக்கை வரும். ஓர் எண்ணிக்கை ஒரு மைக்ரோன்.

இனித்தான் கவனம். திருகோணமலைப் பக்கம் அரிசி ஆலை மோட்டர் கட்டிப் பழகியவர்கள், திசை மாறி ஓடினால் இரண்டு பேஸை மாற்றிப்போடுவார்கள். சேர்வோவில் அது கூடவே கூடாது. மோட்டரின் மூன்று பேஸ் வயர்களான யு, வி, டபிள்யூவின் வரிசை என்கோடரோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் மோட்டர் உதறும், அலாரம் அடிக்கும், சிலவேளை கட்டில்லாமல் பறக்கும்.

முதலில் ட்ரைவுக்குக் கட்டுப்பாட்டு மின்சாரம் மட்டும் கொடுத்து, ஸ்க்ரூவைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். திரையில் 10.000 மில்லிமீற்றர் மாற வேண்டும். எக்ஸ் அச்சில் மேசை இடப்பக்கம் போகும்போதுதான் எண் கூட வேண்டும். கணக்கில் வருவது மேசை போகும் திசை அல்ல, வேலைத்துண்டின் மேல் கட்டர் போகும் திசை. குறைந்தால் லினக்ஸ்சிஎன்சியில் என்கோடர் ஸ்கேலின் (மில்லிமீற்றருக்கு எத்தனை எண்ணிக்கை என்ற எண்) கூட்டல், கழித்தல் குறியை மாற்றுங்கள்.

அடுத்து மேசையை நடுவில் நிறுத்தி, அவசர நிறுத்தப் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு, உலர் பற்றரியிலிருந்து பொட்டன்ஷியோமீட்டர் வழியாக ட்ரைவின் வேகக் கட்டளை உள்ளீட்டுக்கு 0.3 வோல்ற் கொடுங்கள். 10 வோல்ற்றுக்கு 3000 சுற்று என்று ட்ரைவில் வைத்திருந்தால் இது நிமிடத்துக்கு 90 சுற்று. மேசை விநாடிக்கு 15 மில்லிமீற்றர் ஊரும். கூட்டல் வோல்ற்றுக்கு எண்ணும் கூட வேண்டும். குறைந்தால் லினக்ஸ்சிஎன்சியில், மேசா அட்டையின் அனலொக் வெளியீட்டு ஸ்கேலுக்குக் கழித்தல் குறி போடுங்கள். ட்ரைவின் திசைப் பராமீற்றரைத் தொடாதீர்கள். சில ட்ரைவ்களில் என்கோடர் வெளியீடும் கூடவே திரும்பி, தலை சுற்ற வைத்துவிடும். இது சரியாகாமல் லூப்பை (என்கோடரைப் பார்த்து மோட்டரைத் திருத்தும் வட்டத்தை) மூடினால், பிழையைக் குறைக்கப் போகும் மோட்டர் அதைக் கூட்டிக்கொண்டே முட்டுமட்டும் ஓடும்.

பிறகு சேர்த்தது: தலை ஏறி இறங்கும் இசட் அச்சுக்கு பிரேக் உள்ள மோட்டரே வேண்டும். சோதிக்கும்போது தலைக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள். வாடைக்காற்று தொடங்கியதும் என்கோடர் எண்ணிக்கை தாவுகிறது என்று கேட்டெழுதியவர், ட்யூனிங்கைத் தொட முன்னம் கனெக்டரைத் திறந்து பார்க்கட்டும். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருக்கும்; அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு வெள்ளீயம் பூசிய வயர் போடுங்கள்.