சோலைக்காட்டு இலைகளும் ஹெட்செட்டின் திணறலும்

கொடைக்கானல் சோலைக்காடு ஒன்றை வி.ஆரில் (கணினி உருவாக்கும் மெய்நிகர் உலகில்) கட்டும்போது படுத்தி எடுத்தவை இலைகள்தான். தலையில் மாட்டும் ஹெட்செட் 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படமாக ஓடினால், ஒரு ஃபிரேமுக்கு (ஒரு படத்துக்கு) கிடைப்பது 11.1 மில்லிசெகண்ட். அதற்குள் இரண்டு கண்ணுக்கும் வரைந்தாக வேண்டும். கிளைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலே காட்சி திக்கியது.

உருவங்களைக் கட்டும் முக்கோணங்களைக் குறைப்பது இங்கே உதவாது. கோளாறு ஓவர்டிராவில், அதாவது ஒரே பிக்சலைத் திரும்பத் திரும்ப வரைவதில். இலைப்படம் ஒட்டிய தட்டையான பரப்புகளே இலை அட்டைகள். ஆல்ஃபா (ஒளிபுகாமை அளவு) கொண்டு பின்னணியோடு கலக்கும் ஆல்ஃபா பிளெண்டிங்கில் இருக்கும்போது, அவை வழக்கமாக டெப்த் பஃபரில் (எது முன்னால் என்று தூரத்தைக் குறித்துவைக்கும் நினைவகத்தில்) எழுதுவதில்லை. பின்னால் மறைந்திருப்பதும் சேர்ந்தே வரையப்படும். 4 மடங்கு எம்.எஸ்.ஏ.ஏ. (ஒரு பிக்சலுக்குள் பல புள்ளிகளைச் சோதித்து ஓரத்தை மென்மையாக்கும் முறை) வைத்து, ஆல்ஃபாவுக்கு ஏற்ப அந்தப் புள்ளிகளில் சிலவற்றை மட்டும் நிரப்பும் ஆல்ஃபா டு கவரேஜுக்கு மாற்றினேன். இலையோரம் மென்மையாகவே இருந்தது, டெப்த்தும் எழுதப்பட்டது. அட்டையின் வெற்றிடத்தையும் இலைக்கொத்தை ஒட்டி வெட்டினேன். முக்கோணம் கூடும்தான், வீண் பிக்சல் குறைகிறதே!

அடுத்த தொல்லை, தூரம் போகப் போக மரம் மொட்டையாவது. தொலைவுக்கென்று படிப்படியாகச் சிறிதாக்கிய படங்களான மிப்மேப் உருவாகும்போது ஆல்ஃபா சராசரியாகி 0.5 வரம்புக்குக் கீழே இறங்கிவிடும்; வரம்புக்குக் கீழிருக்கும் பிக்சல் வரையப்படாது. ஒவ்வொரு படியிலும் வரம்பைத் தாண்டும் பிக்சல் விகிதம் மூலப்படத்தின் விகிதத்தைத் தொடும்வரை ஆல்ஃபாவைப் பெருக்க வேண்டும். யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில் இதற்கு 'பிரிசர்வ் கவரேஜ்' என்ற தேர்வு உண்டு. அங்கே கொடுக்கும் கட்ஆஃப் (வரம்பு) எண்ணும் ஷேடரில் (பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் நிரலில்) இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும்.

மூடுபனியையும் ஒளிபுகும் அட்டைகளாக அடுக்காதீர்கள், பழைய ஓவர்டிரா திரும்பிவிடும். ஷேடரில் தூரத்தை வைத்துக் கணக்கிட்டாலே போதும். டெக்ஸ்சருக்கு (அட்டையில் ஒட்டும் இலைப்படத்துக்கு) மேகம் மூடிய, ஆனால் இலை நனையாத வேளையில் படமெடுங்கள். நிழலும் பளபளப்பும் ஒட்டிக்கொள்ளாது.