டிரிம்மர் முடியைக் கடித்து இழுத்தால்

தாடியில் வைத்ததும் டிரிம்மர் வெட்டாமல் முடியைப் பிடித்து இழுக்கிறது என்றால், மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்குபவர்கள் நிறைய. பெரும்பாலும் மோட்டார் நன்றாகவே இருக்கும். கோளாறு பிளேடில். அடியில் அசையாத ஒரு பிளேடு, அதன்மேல் உரசியபடி பக்கவாட்டில் ஓடும் இன்னொரு பிளேடு; இரண்டும் ஒட்டி ஓடினால்தான் முடி வெட்டுப்படும். நடுவே முடித்துகளும் தோல்செதிலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் பிளேடுகள் விலகி நிற்கும், முடி இடுக்கில் மடிந்து மாட்டிக்கொள்ளும்.

முதலில் சார்ஜ் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். வேகம் குறைந்தாலும் இழுக்கும். பிறகு சுவிட்சை அணைத்து, தலைப்பகுதியைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் பல் வரிசையையும் உள்ளே மோட்டாரின் தண்டு இருக்கும் குழியையும் துடையுங்கள். பல்லின் மேல் துணியை அழுத்தித் தேய்க்க வேண்டாம், மெல்லிய பற்கள் வளைந்துவிடும்.

அடுத்தது எண்ணெய். தலைமுடி வெட்டும் கிளிப்பராக இருந்தால் பல் வரிசையில் 3 சொட்டு, பிளேடின் பின்புறம் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சொட்டு. சின்ன டிரிம்மருக்கு மொத்தமே 1 சொட்டு போதும். 10 விநாடி ஓடவிட்டு, வெளியே வழிவதை ஒற்றி எடுங்கள். தையல் மிஷின் எண்ணெயே சரியாக இருக்கும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது: நாளாக ஆக பிசின் மாதிரி ஒட்டும், 24 டிகிரிக்குக் கீழே உறைந்தும் போகும். எண்ணெயே தேவையில்லாத பிளேடு என்று கையேட்டில் போட்டிருந்தால் அதன்படி விட்டுவிடலாம்.

கிளிப்பரின் பிளேடைக் கழற்றினால் திரும்ப மாட்டும்போது கவனம் வேண்டும். ஓடும் பிளேடின் பல்நுனி, அசையாத பிளேடின் நுனியைவிடச் சுமார் 0.8 மில்லிமீட்டர் பின்தங்கி, இரண்டு நுனிவரிசையும் இணையாக இருக்க வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் தோலைக் கிழிக்கும். இரண்டு திருகையும் பாதி இறுக்கி, கண்ணால் பார்த்துச் சரிசெய்துவிட்டு அப்புறம் முழுதாக இறுக்குங்கள்.

ஒயரோடு ஓடும் காந்த மோட்டார் கிளிப்பர் கடகடவென்று சத்தம் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். ஓடவிட்டபடியே, சத்தம் நிற்கும்வரை அதை மெதுவாகத் திருப்புங்கள். இந்த வகையை அமெரிக்காவிலிருந்து யாராவது வாங்கி வந்தால் நம் பிளக்கில் செருகிவிடாதீர்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் சரியாக ஓடாது.

தண்ணீரில் கழுவலாமா? தண்ணீர் புகாது என்பதைக் காட்டும் ஐ.பி.எக்ஸ்.7 (IPX7) குறி இருந்தால் முழுதாகக் கழுவலாம். தலைப்பகுதி மட்டும் கழுவலாம் என்றிருந்தால் கைப்பிடியில் தண்ணீர் படக்கூடாது. போர் தண்ணீர் காய்ந்தால் பற்களில் உப்பு படியும். நன்றாக உதறி, குளியலறைக்கு வெளியே காயவைத்து எண்ணெய் விடுங்கள். வீட்டில் இருவர் பயன்படுத்தினால் படர்தாமரை தொற்றும் ஆபத்து உண்டு. ஆளுக்கொன்று வைத்துக்கொள்வதே நல்லது. முடியாதென்றால் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய் விடுங்கள். ஆல்கஹால் இருக்கிற எண்ணெயைக் கரைத்துவிடும்.

இனி வாங்குவது. தாடிக்கு மட்டும் என்றால் டிரிம்மர் போதும். தலைமுடியும் வீட்டிலேயே வெட்டுவதாக இருந்தால் அகலப் பிளேடுள்ள கிளிப்பர் வேண்டும். டிரிம்மரால் தலை முழுக்க வெட்டினால் கை வலிக்கும், திட்டுத்திட்டாகவும் தெரியும். தாடியைக் குட்டையாக வைப்பவர்கள் 0.5 மில்லிமீட்டர் படியில் மாற்றக்கூடியதாகப் பாருங்கள். 1 மில்லிமீட்டருக்கும் 2-க்கும் இடையே முகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும், 10-க்கு மேல் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. "20 அளவுகள்" என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். கிளிப்பரில் மாட்டும் சீப்பில் நம்பர் 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. கிளிப்பரின் பக்கவாட்டில் உள்ள நெம்புகோலை நகர்த்தினால் இந்த அளவும் மாறும். போன தடவை போட்ட அதே சீப்பு இந்தத் தடவை வேறு மாதிரி வெட்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

பேட்டரி லித்தியமா என்று பாருங்கள். பழைய நிக்கல் வகை பலவற்றுக்கு 8 மணி நேரம் வரை சார்ஜ் ஏற்ற வேண்டும். லித்தியத்தை முழுதாகக் காலியாக்கி மாதக்கணக்கில் போட்டுவைத்தால் செத்துவிடும்.

மாற்றுப் பிளேடு கிடைக்கிறதா, என்ன விலை என்பதை வாங்கும் முன்பே விசாரியுங்கள். சுத்தம், எண்ணெய், முழு சார்ஜ் எல்லாம் ஆகியும் இழுத்தால் பிளேடு மழுங்கிவிட்டது. அதைத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். கத்தியைத் தீட்டும் சக்கரம் பிளேடின் தட்டையான பரப்பைக் குழியாக்கிவிடும்; பிறகு இரண்டும் ஒட்டி ஓடாது.